நேபாளக் குக்குரி வாங்குவோர் கவனத்திற்கு

பத்திராதிபர் அவர்கட்கு,

ஐயா,

நேபாள யாத்திரை சென்று திரும்பும் நம்மவர்கள் அங்கிருந்து வாங்கிவரும் குக்குரி என்னும் வளைந்த அலகுடைய கத்தியைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் அண்மையில் வெளியான குறிப்பை வாசித்தேன். அந்தக் கத்தியை உறையிலிருந்து உருவினால் இரத்தம் காட்டாமல் மீண்டும் உறையில் இடக்கூடாது என்பது கூர்க்காக்களின் மரபு என்று அதில் எழுதப்பட்டிருந்தது. இது பலரும் நம்புகின்ற, ஆனால் உண்மையில்லாத கதை. நேபாளத்து மலைக்கிராமங்களில் விறகு பிளப்பதும், தழை வெட்டுவதும், மரக்கறி அரிவதும், இறைச்சி துண்டாக்குவதும் இந்தக் கத்தியால்தான். காலையில் இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவர் மாலைக்குள் அதை எத்தனையோ தடவை உருவுகிறார். அப்படியொரு விதி இருந்தால் அதை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது. இலங்கையின் வடக்கு கிழக்கில் 1987 முதல் 1990 வரை நிலைகொண்டிருந்த இந்தியப் படையில் கூர்க்கா அணிகளும் இருந்தமையால், என் வயதினருக்கு இந்தக் கத்தியின் பெயரைக் கேட்டதும் படைவீரரின் நினைவு வருவது இயல்பே. ஆயினும் பிரித்தானியர் 1815 இல் கூர்க்காக்களைப் படையில் சேர்க்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அது வழக்கில் உள்ளது. 1559 இல் கோர்க்கா அரசைக் கைப்பற்றிய திரவிய ஷா மன்னருடையது என்று கருதப்படும் குக்குரி ஒன்று காத்மண்டு சௌனியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கதையை நான் பொருட்படுத்துவதற்குக் காரணம் உண்டு. கோணேசர் அடியார்கள் பலர் குழுக்களாகப் பசுபதிநாதரையும் முக்திநாத்தையும் தரிசித்து வருகிறார்கள். உருத்திராக்கத்தோடும் கம்பளிச் சால்வையோடும் ஒரு குக்குரியையும் கொண்டுவருவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆயுதமென்று நினைத்து வாங்குகிறவர் அதன் அலங்காரத்தைப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்ததும் சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிடுகிறார். வேலைக்கத்தி என்று தெரிந்து வாங்கினால் உருக்கைப் பார்த்திருப்பார், பிடியைப் பார்த்திருப்பார், வந்தபின் எண்ணெயும் பூசியிருப்பார். திருகோணமலையில் 28 ஆண்டுகள் இளைஞர்களுக்கு இரும்பு வேலை கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், நான் செய்த தவறையும் அதிலிருந்து கற்றவற்றையும் தங்கள் வாசகர்களோடு பகிர விரும்புகிறேன்.

2017 இல் என் மனைவியோடு முதன்முறை சென்றபோது, காத்மண்டு தமேல் பகுதியில் நாங்கள் தங்கியிருந்த விடுதிக்கு அருகே ஒரு கடையில் என் முதற் குக்குரியை வாங்கினேன். பித்தளைச் சிங்கத்தலை பொருத்திய பிடி, முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு, அலகு முழுவதும் செதுக்கு வேலை. தொழில் தெரிந்த நானே அந்தப் பளபளப்பில் மயங்கினேன் என்பதை எண்ணி இன்றும் வருந்துகிறேன். வீட்டுக்கு வந்து வேலிக்குக் கதியால் வெட்டலாமென்று கையிலெடுத்தேன். நாலாவது கதியாலில் கூர் மடிந்து சுருண்டுவிட்டது, பத்தாவதில் பிடி ஆடத் தொடங்கியது. மாரி முடிந்து தை பிறந்தபோது உறையிலிருந்து அதை இழுக்கவே முடியவில்லை. இழுத்தெடுத்தபின் பார்த்தால், செதுக்கிய கோடுகள் ஒவ்வொன்றிலும் செந்துரு புகுந்து, அவ்வளவு அழகாயிருந்த வேலைப்பாடு காய்ந்த புண்போலத் தெரிந்தது. அது வெறும் மென்னிரும்பில் செய்து, வெள்ளி முலாம் போன்று மெருகேற்றிய பொருள்.

2019 இல் என் தமக்கையாரை அழைத்துக்கொண்டு மறுபடி சென்றேன். இம்முறை வழிகாட்டியிடம் கேட்டு, நகருக்கு வெளியே கத்தி அடிக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கு கண்டதை நான் மறக்கமாட்டேன். லொறியின் வில்தகட்டிலிருந்து வெட்டி அடித்த அலகை இளஞ்செம்மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சிய கொல்லர், அதை இடுக்கியில் கூர் மேலாகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ஒரு தேநீர்க் கேத்தலை எடுத்தார். கேத்தல் மூக்கிலிருந்து மெல்லிய தாரையாக விழுந்த தண்ணீர் கூரின் வழியே முன்னும் பின்னும் ஓடியது. வெட்டும் அடி விழுகின்ற வயிற்றுப் பகுதியில் தாரை அதிகமாக நின்றது. நுனியிலும் கழுத்திலும் குறைவாகவே விழுந்தது. முதுகைத் தண்ணீர் தொடவே இல்லை, அது செம்மை மாறாமல் இருந்தது. தண்ணீர் பட்ட கூர் சீறிக் கறுத்து இறுகியது. கேத்தலைக் கீழே வைத்தபின் முதுகில் தேங்கியிருந்த சூடு மெல்லக் கூரை நோக்கி இறங்கி, அதன் நொறுங்கும் தன்மையைத் தணித்தது. முழு அலகையும் எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, பிறகு வேறாகச் சூடேற்றிப் பதப்படுத்துவது என்று நான் மாணவர்களுக்கு இரு பாடங்களாகச் சொல்லிக்கொடுத்ததை, அவர் ஒரு கேத்தல் தண்ணீரில் சில விநாடிகளுக்குள் முடித்துவிட்டார். கூர் கடினம், முதுகு மென்மை. எலும்பிலோ மரக்கணுவிலோ வேகமாக மோதும்போது கத்தி முறியாமல் அதிர்வைத் தாங்குவது இதனால்தான்.

அந்தக் கொல்லர் காமி என்னும் சமூகத்தவர். விசுவகர்மா என்ற பெயரையும் அவர்கள் தரித்துக்கொள்கிறார்கள். நேபாளத்தின் அடையாளமாக உலகம் அறிந்த கத்தியை அடித்துத் தருகின்றவர்களை அந்நாட்டுச் சாதி ஒழுங்கு தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கி வைத்திருந்தது. 1963 இல் தீண்டாமை சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின்னும் 2011 இல் அதைக் குற்றமாக்கித் தனிச்சட்டம் இயற்றவேண்டி வந்ததென்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். அவர் கேட்ட விலை தமேலில் நான் கொடுத்ததைவிடப் பல மடங்கு. பேரம் பேசாமல் கொடுத்தேன். யாத்திரை செல்வோரிடம் நான் கேட்பதும் இதுவே: இயலுமானால் அடித்தவர் கையிலிருந்து வாங்குங்கள், அவர் உழைப்புக்கு உரியதைக் கொடுங்கள்.

கடையில்தான் வாங்க நேர்ந்தால், பையில் ஒரு சிறிய அரம் கொண்டுபோவது நல்லது. கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, அலகின் வயிற்றுப் பகுதிக் கூரில் அரத்தை மெதுவாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பதம் ஏறிய கூரில் அரம் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கிச் செல்லும். முதுகில் இழுத்தால் பிடித்துக் கடிக்கும். இரண்டு இடத்திலும் ஒரேமாதிரிக் கடித்தால் அது சுவரில் மாட்டுவதற்கான பொருள். இந்தச் சோதனைக்கு மனமுவந்து இடங்கொடுக்காத கடையில் வாங்கவேண்டாம் என்றே சொல்வேன். அடுத்தது பிடி. அலகின் வால் பிடிக்குள் மெலிந்து ஓடி, லாஹா எனப்படும் அரக்குப் பசையால் இறுக்கப்படுவது ஒரு முறை. பிடியின் முழு அகலத்துக்கும் வால் தட்டையாகவே வந்து, இருபுறமும் மரமோ கொம்போ வைத்துத் தறையப்படுவது மற்றொரு முறை. கடும் வெட்டு வேலைக்கு இரண்டாவதே உறுதியானது. அரக்குப் பசை வெப்பத்தில் இளகும் தன்மையுடையது என்பதால், நம் ஊர் வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் அந்தக் கத்தியை விட்டுவிடக்கூடாது. எருமைக்கொம்புப் பிடி பார்வைக்கு மிக அழகு. ஆனால் வெடிக்கும், பூச்சியும் அரிக்கும். முதற் கத்திக்கு மரப்பிடியே போதும்.

அளவைப் பொறுத்தவரை, முழு நீளம் 16 முதல் 20 அங்குலம் வரையும் எடை 450 முதல் 900 கிராம் வரையும் இருப்பது வழக்கம். புதிதாகப் பழகுகிறவர் 10 அங்குல அலகுக்கு மேலே போகத் தேவையில்லை. கனம் கூடினால் கை சோரும், சோர்ந்த கையில்தான் விபத்து நேரும். சிருபாதே என்ற மெலிந்த வகை புல்லின் இலைபோல் ஒடுங்கி இலேசாக இருக்கும். தழை வெட்ட ஏற்றது. தேங்காயும் கதியாலும் வெட்டுகிறவருக்கு வயிறு அகன்ற போஜ்பூர் வகை பொருந்தும். கழுத்தருகே கூரில் காணப்படும் சிறு வெட்டுக்குறியைப் பசுவின் குளம்பென்றும் சிவனுடைய திரிசூலமென்றும் அங்கே சொல்கிறார்கள். உறையின் பின்புறம் இரு சிறிய கத்திகள் செருகியிருக்கும். கர்தா என்பது கூருள்ளது, சில்லறை வேலைக்கு. சக்மக் என்பது கூரற்றது, பெரிய அலகின் மடிந்த கூரை நிமிர்த்தித் தேய்ப்பதற்கு. வாங்கும்போது இந்த இரண்டும் உள்ளனவா என்று பார்க்கத் தவறவேண்டாம்.

என் முதற் கத்தியின் ஆடிய பிடியைத் திருத்துவதற்காகத் தம்பலகாமம் பக்கத்தில் ஒரு கம்மாலைக்குப் போயிருந்தபோது, இரண்டாவதையும் கையோடு கொண்டுபோனேன். முதிய ஆசாரியார் முதற் கத்தியைக் கையில் வாங்கி ஒருமுறை புரட்டிவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். இரண்டாவதை நகத்தால் சுண்டி, காதருகே பிடித்துக் கேட்டார். “இது லொறித் தகடுதான் சேர். நாங்களும் இதிலைதான் கத்தி அடிச்சனாங்கள்” என்றார். அவர் அடித்த காட்டுக்கத்திகள் மூலையில் வரிசையாக இருந்தன. அவற்றை வாங்க வருகிறவர்கள் இப்போது குறைவு. தொலைதேசத்துக் கத்திக்கு நாம் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கு இவருடைய பட்டறைக்கும் சேரவேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

இனி, உருவுவதைப் பற்றி. இதைச் சற்று விரித்தே எழுதவேண்டும், ஏனென்றால் என் அயல்வீட்டுத் தம்பி ஒருவருக்குக் கையில் ஆறு தையல் போட வேண்டி வந்தது. குக்குரியின் உறை இரண்டு மரத் தகடுகளை ஒட்டி, மேலே எருமைத்தோல் போர்த்தியது. வளைந்த அலகு வெளியே வரும்போது, கூர் உறையின் ஓரத்தை உரசிக்கொண்டே வரும். பழைய உறையாயின் இரு தகடுகளும் கூடும் இடத்தைப் பிளந்துகொண்டும் வரும். உறையைக் கை முழுவதும் சுற்றிப் பிடித்திருந்தால் விரல்கள் அந்த ஓரத்தின்மேல் இருக்கும். அந்தத் தம்பி பிடித்ததும் அவ்வாறுதான். ஆகவே இடக்கையின் பெருவிரலும் மற்ற விரல்களும் உறையின் இரு பக்கப் பரப்பிலும் முதுகுப் பக்கத்திலும் மட்டுமே இருக்கவேண்டும்; கூர் வருகின்ற ஓரத்தில் ஒரு விரலும் இருக்கக்கூடாது. உருவும்போதும் திரும்ப இடும்போதும் அலகின் முதுகு உறையின் முதுகில் தங்கியபடி வழுக்கிச் செல்லவேண்டும், கூர் மிதந்து வரவேண்டும். அவசரமாக இழுக்கக்கூடாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் கத்தி பூட்டிய அலுமாரிக்குள் இருக்கட்டும். வருகிறவர்களுக்கு உருவிக் காட்டும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

துருவுக்கு வருகிறேன். வில்தகட்டு உருக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 பங்கு கரிமம் இருக்கிறது. துருப்பிடிக்காத உருக்கில் சேர்க்கப்படும் அளவுக்குக் குரோமியம் அதில் இல்லை. உப்பில்லாத மலைக்காற்றில் பிழைத்துக்கொள்ளும் அந்த அலகு, மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நம் நகரத்தில் பிழைக்காது. உப்புத்துகள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து அலகின்மேல் வைத்துக்கொள்ளும். வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் உவர்மலையில் என் வீட்டுச் சன்னல் கம்பியைத் துடைத்தால் மறுநாளே விரலில் உப்பு ஒட்டும். அந்த ஈரமும் உப்பும் கத்தியையும் விட்டுவைப்பதில்லை. இங்கே பலர் செய்யும் பெருந்தவறு கத்தியை உறைக்குள்ளேயே வைத்திருப்பது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். அதைப் பதனிடப் பயன்படுத்திய பொருள்களும் இரும்பைத் தின்னும். உறை கொண்டுபோவதற்கு மட்டும்தான். வீட்டில் கத்தியை எண்ணெய் தோய்த்த பருத்தித் துணியில் சுற்றி, உறையை வேறாக, காற்றோட்டமுள்ள அலுமாரியில் வைக்கவேண்டும். பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்து இன்னும் விரைவாகத் துரு ஏறும்.

எந்த எண்ணெய் என்று பலர் கேட்கிறார்கள். சமையலுக்குப் பயன்படாத கத்திக்குத் தையல் இயந்திர எண்ணெய் மிக நல்லது. மரக்கறியும் இறைச்சியும் வெட்டுகிற கத்திக்குத் தேங்காயெண்ணெய் மெல்லப் பூசலாம். அது காய்ந்து பிசுபிசுப்பதில்லை. ஆனால் நாளாக ஆகக் காறிப் போகும், ஆகவே இரு கிழமைக்கு ஒருமுறை துடைத்துப் புதிதாகப் பூசவேண்டும். நல்லெண்ணெய் வேண்டாம்; அது மெழுகுபோல் படிந்து தூசியைப் பிடிக்கும். வாழைத்தண்டும் தேங்காய் மட்டையும் வெட்டிய அலகு சில நிமிடங்களில் கறுத்துப்போகும். வெட்டி முடித்தவுடன் கழுவி, துணியால் துடைத்து, கொஞ்சம் காற்றாட வைத்து, பிறகு எண்ணெய் பூசவேண்டும். கழுவும்போது பிடியைத் தண்ணீரில் ஊறவிடக்கூடாது. குத்துவிளக்குத் துலக்குவதுபோல் பழப்புளியும் தேசிக்காயும் போட்டுக் கத்தியைத் தேய்க்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். பிடியிலுள்ள பித்தளை வளையம் மின்னும், வழிந்த புளி அலகை அரிக்கும். செந்துரு கண்டால் எண்ணெய் விட்டு மிக மெல்லிய உருக்குப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்தால் போதும்.

தீட்டுவதில் ஒரு எச்சரிக்கை உண்டு. சந்தைக்குப் போகும் வழியில் சாணைச் சக்கரத்தில் கொடுத்துக் கூர் ஏற்றிக்கொண்டு வருவது நம்மிடையே உள்ள பழக்கம். குக்குரிக்கு அது நஞ்சு. சக்கரத்தின் உரசலில் மெல்லிய கூர் நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். அந்த நீலம் தோன்றினால் சூடு ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டிவிட்டது என்று பொருள். கேத்தல் தண்ணீரால் கொல்லர் கொடுத்த பதம் அந்த இடத்தில் போய்விட்டது, பிறகு எத்தனை தரம் தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. இன்னொன்று, குக்குரியின் கூர் இரு பக்கமும் சற்றே உப்பிய வடிவுடையது; தட்டையான கல்லில் அழுத்தித் தேய்த்தால் அந்த உப்பல் போய், கூர் மெலிந்து உதிரும். நான் ஒரு பலகைத் துண்டில் பழைய ரியூப் இறப்பரை ஒட்டி, அதன்மேல் 400 எண் மணற்றாளை வைத்து, கூரை முன்னால் தள்ளாமல் முதுகு முன்செல்லும்படி இழுக்கிறேன். இறப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுப்பதால் அலகின் வளைவு கெடுவதில்லை. பிறகு 800, பிறகு 1200. அன்றாடப் பராமரிப்புக்குச் சக்மக்கால் நாலைந்து இழுப்புப் போதும்.

கொண்டுவருவதற்கான ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். கைப்பையில் வைத்தால் காத்மண்டு விமான நிலையத்திலேயே பறிபோகும். உறையிலிட்டு, பிடியையும் உறையையும் நூற்கயிற்றால் சேர்த்துக் கட்டி, தடித்த துணியில் சுற்றிச் சரக்குப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். இங்கு இறங்கும்போது சுங்க அதிகாரிகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை. பயணத்துக்கு முன்னரே அவர்களிடம் விதியைக் கேட்டறிந்துகொண்டால் இன்னும் நல்லது. 2019 ஏப்ரல் தாக்குதல்களை அடுத்து, மே மாதத்தில் வாள்களையும் அதுபோன்ற கூராயுதங்களையும் கையளிக்கும்படி பொலிஸார் பொதுமக்களைக் கேட்டிருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். வளவு வேலைக்கு வைத்திருக்கும் கத்தியை வளவுக்குள் வைத்திருங்கள். இடுப்பில் செருகிக்கொண்டு வீதியில் போகவேண்டாம்.

நேபாளத்தில் தசைன் திருவிழாவின் ஒன்பதாம் நாள், நாம் ஆயுத பூசை செய்கின்ற அதே மகாநவமியன்று, குக்குரியையும் ஏனைய கருவிகளையும் கழுவிப் பொட்டிட்டு வணங்குகிறார்கள். அடுத்த யாத்திரைக் குழுக்கள் புறப்படுவதற்கு முன், இரத்தம் காட்டும் கதைக்கு ஒரு திருத்தத்தைத் தங்கள் ஞாயிறு இதழிலேயே, அந்தக் குறிப்பு வெளிவந்த பக்கத்திலேயே பிரசுரிக்கும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இரும்புவேலைப் போதனாசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.